தாழ்ந்த குரலைச் சுமந்தவர்கள்



'தலைமையும் தொடர்பாடலும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் தலைவனாக இருந்தவன் அல்லன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். பிறகு இந்தக் குடாநாட்டின் அரசியல்வாதி ஒருவருக்கு ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். அவருடைய கோப்புகளைத் தூக்கினேன், கடிதங்களை எழுதினேன், சிங்களம் தெரிந்தவன் என்பதால் கூட்டங்களில் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். விடியற்காலையில் படலையடியில் வந்து நிற்பவர்களிடம், "ஐயா இப்ப வந்திடுவார், இருங்கோ" என்று சொன்னேன். தலைவர் ஒருவரை அரை அடி பின்னால் நின்று பார்த்த அனுபவம்தான் எனக்கு உண்டு. அந்த இடத்தில் நின்றுகொண்டே இன்று இன்னொருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவரிடம் நான் வேலை செய்ததில்லை. அவர் மறைந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களைச் சொல்கிறேன்.

அவருடைய குரலை நான் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். 1975ஆம் ஆண்டு, காங்கேசன்துறை இடைத்தேர்தல் காலம். அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு மல்லாகம் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனேன். பனையில் கட்டிய ஒலிபெருக்கி. முதலில் பேசியவர்கள் எல்லோரும் நல்ல தொண்டைக்காரர்கள். சனம் தேத்தண்ணிக் கடை வாசலிலும் மதவிலும் இருந்து வசதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியாக, இரண்டு பேர் கைபிடிக்க, மெலிந்த ஒரு முதியவர் ஒலிவாங்கியின் முன் வந்தார். நடுக்குவாத நோய் அவரைப் பல ஆண்டுகளாகப் பிடித்திருந்த காலம் அது. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் நான் கண்ட ஒன்று இன்றைக்கும் மனதில் இருக்கிறது. கடை வாசலில் இருந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து மேடைக்குக் கிட்டப் போனார்கள். மதவில் இருந்தவர்களும் இறங்கிப் போனார்கள். அப்பா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடந்தார். மற்றவர்களின் குரல் சனத்திடம் வந்தது. இவருடைய குரலிடம் சனம் போனது.

ஒரு மனிதருக்கு இப்படியொரு தலைமை எப்படி வாய்த்தது, அதற்கு அவரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் கொடுத்த விலை என்ன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர் 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். சிறு பிள்ளையாகத் தெல்லிப்பழைக்கு வந்து, அங்கே யூனியன் கல்லூரியிலும், பிறகு யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், சென். தோமஸ் கல்லூரியிலும் படித்தார். விஞ்ஞானப் பட்டம் பெற்று ஆசிரியராக இருந்து, பிறகு சட்டத்தரணியானார். எந்த வகைச் சட்டத்தரணி என்பது இங்கே முக்கியம். அவர் குடியியல் வழக்குகளில் பெயர் எடுத்தவர். அதே காலத்தில் தமிழரின் பெருந்தலைவராக விளங்கிய ஜி. ஜி. பொன்னம்பலம் குற்றவியல் வழக்குகளின் சிங்கம். ஜூரிமாரை அழவைக்கவும் சிரிக்கவைக்கவும் அவரால் முடியும். குடியியல் மேன்முறையீட்டில் அழுகைக்கும் சிரிப்புக்கும் இடமில்லை. உறுதியில் என்ன எழுதியிருக்கிறது, எல்லை எதுவரை, கையெழுத்து யாருடையது என்பவைதான் அங்கே பேசும். பொன்னம்பலம் அரசியலுக்குள் ஜூரியைக் கொண்டுவந்தார் என்றால், செல்வநாயகம் உறுதியைக் கொண்டுவந்தார். எதையும் எழுத்தில் வைப்பது, எழுதியதற்குள் நிற்பது, எழுதாததைச் சொல்லாமல் விடுவது என்பது அவருடைய பழக்கம். அவர் இரண்டு பிரதமர்களோடு ஒப்பந்தம் செய்தவர் என்பதை நினைத்தால் இந்தப் பழக்கத்தின் கனம் தெரியும்.

1948இல் பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன ஆண்டு அது. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் டொக்டர் இ. மு. வி. நாகநாதனும் பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசை விட்டு விலகினார்கள். 1949 டிசம்பர் 18இல் கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952 தேர்தலில் ஏழு இடங்களில் நின்று இரண்டில் வென்றார்கள்: கோப்பாயில் வன்னியசிங்கம், திருகோணமலையில் இராஜவரோதயம். தலைவர் தம் சொந்தத் தொகுதியான காங்கேசன்துறையில் தோற்றுப்போனார். நாடாளுமன்ற ஆசனம் இல்லாத நாலு வருடங்கள். அந்த நாலு வருடமும் கட்சி அவரைத் தலைவர் என்றே கொண்டது. 1956இல் அவர் திரும்பி வந்தபோது கட்சிக்குப் பத்து ஆசனங்கள்.

அவரைச் சுற்றி நின்றவர்களின் பட்டப் பெயர்களை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். நாகநாதன் இரும்பு மனிதர். வன்னியசிங்கம் கோப்பாய்க் கோமான். வி. நவரத்தினம் கட்சியின் தங்க மூளை. மட்டக்களப்பின் இராசதுரை சொல்லின் செல்வர். அமிர்தலிங்கம் தளபதி. இரும்பு, மூளை, சொல், படை என்று ஒரு தலைவருக்கு வேண்டியவை எல்லாம் தனித்தனி ஆட்களிடம் இருக்கின்றன. நடுவில் இருந்தவருக்குச் சனம் கொடுத்தது 'தந்தை' என்ற பெயர். நான் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. தன்னிடம் இல்லாததைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மனத்துணிவு வேண்டும். தன்னைவிட நன்றாகப் பேசுபவனை மேடையில் தனக்குப் பக்கத்தில் இருத்த எத்தனை பேருக்கு மனம் வரும்? நான் ஒன்பது வருடம் அரசியல் மேடைகளின் பின்பக்கத்தைப் பார்த்தவன். பேச்சாளர் பட்டியலில் யாருக்கு முன்னால் யார் என்பதற்காக விடியவிடிய நடந்த சண்டைகளைத் தீர்த்து வைத்தவன். அதனால் இதன் அருமை எனக்குத் தெரியும்.

கடைசி ஆண்டுகளில் அவருக்குக் காதும் மந்தமாயிற்று, நாக்கும் தடுமாறியது. பக்கத்தில் இருந்தவர் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டு, சபைக்கு உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதாகமத்து மோசேயும் ஆரோனும் நினைவுக்கு வருகிறார்கள். செல்வநாயகம் கிறிஸ்தவர், அந்தக் கதை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்கும். மோசே திக்குவாயன். நான் எப்படிப் போய் அரசனிடம் பேசுவேன் என்று கடவுளிடம் தயங்கினான். உன் அண்ணன் ஆரோன் நன்றாகப் பேசுவான், அவன் உனக்கு வாயாக இருப்பான் என்று பதில் வந்தது. இந்தப் பாதியைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். மறுபாதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மோசே மலைக்கு மேலே போய்த் திரும்பத் தாமதித்தபோது, கீழே சனம் ஆரோனைச் சூழ்ந்துகொண்டது. எங்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைத் தா என்று கேட்டது. ஆரோன் கெட்டவன் அல்லன். சனம் கேட்டதைக் கொடுத்தான். பொன்னில் ஒரு கன்றுக்குட்டி.

தலைவரின் வாயாக இருப்பவனுக்கு முன்னால் எப்போதும் சனம் நிற்கிறது. தலைவர் சொன்னது மெல்லிய ஒன்றாக இருக்கும். சனத்தின் முகமோ கனத்ததை எதிர்பார்க்கும். கைதட்டு ஒலிக்கும் இடத்துக்குச் சொல் தானாகவே சரியும். அமிர்தலிங்கத்தையோ இராசதுரையையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. 1956 யூன் 5இல் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் காடையர் அடித்தபோது அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு நாடாளுமன்றத்துக்குள் நடந்தவர். அந்தக் கட்டோடு நிற்பவனிடம் குரலைத் தாழ்த்து என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான் சொல்வது அந்த இடத்தின் இயல்பை.

ஒரே கட்சிக்கு இரண்டு பெயர் இருந்ததைப் பாருங்கள். தமிழில் அது தமிழரசுக் கட்சி. ஆங்கிலத்தில் பெடரல் பார்ட்டி. கொள்கை ஒன்றுதான், சமஷ்டி. தமிழ்க் காதில் 'அரசு' என்ற சொல் எழுப்பிய உணர்வு ஒன்று. ஆங்கிலம் வாசிக்கும் கொழும்புக்காரருக்கு 'பெடரல்' என்ற சொல் கொடுத்த பொருள் இன்னொன்று. தமிழ்ப் பெயரைத் தெரிந்துகொண்ட சிங்கள அரசியல்வாதி தன் ஊரில் போய் 'தமிழருக்குத் தனி அரசாம்' என்று சொன்னது மூன்றாவது. சமஷ்டி என்றால் பிரிவினை இல்லை என்று அவருடைய கட்சி எத்தனை ஆண்டுகள் விளக்கிக்கொண்டே இருந்தது! கடைசியில் அதைத் தெளிவாகச் சொன்னது உயர் நீதிமன்றம், 2017 ஓகஸ்ட் 4இல். சமஷ்டியைக் கேட்பது நாட்டைப் பிரிக்கக் கேட்பது ஆகாது என்று இதே தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கில் தீர்ப்பு வந்தது. மருதானையில் பெயர் வைத்து ஏறத்தாழ 68 ஆண்டுகளுக்குப் பிறகு. ஒரு பெயருக்கு மூன்று காதுகள் இருக்கும் என்பதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எனக்கு எளிது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாங்கள் இன்றைக்கும் அதே பிழையைச் செய்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒன்று, கொழும்பில் ஒன்று, ஜெனீவாவில் ஒன்று என்று அறிக்கை எழுதுகிறோம். நானே எழுதியிருக்கிறேன்.

1957ஐ மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அந்த ஆண்டுக்குள் எல்லாப் பாடமும் இருக்கிறது.

1956 ஓகஸ்டில் திருகோணமலை மாநாட்டில் கட்சி நாலு கோரிக்கைகளை வைத்தது: சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம உரிமை, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, திட்டமிட்ட குடியேற்றங்களை நிறுத்துவது. ஓர் ஆண்டு தவணை கொடுத்தது. தவணை முடிவதற்குள் பிரதமர் பண்டாரநாயக்க பேச அழைத்தார். இரண்டு பேரையும் ஒரு மேசையின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒருவர் ஒக்ஸ்போட் யூனியன் மேடையில் பேசிப் பழகியவர், இந்த நாட்டின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர். மற்றவருடைய குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. யூலை 26இல் உடன்பாடு கையெழுத்தானது.

மாணவர்களே, அந்த உடன்பாட்டின் வாசகத்தை ஒருமுறை தேடி வாசியுங்கள். பிரதேச சபைகள், விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி என்ற அதிகாரங்கள், வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம் என்றெல்லாம் பின்னால் வரும். அவற்றுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சமஷ்டி அரசியலமைப்பைப் பற்றிப் பேசத் தம்மால் இயலாது என்று பிரதமர் தெளிவுபடுத்தியது அதில் எழுதப்பட்டிருக்கிறது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டத்தை நீக்கும் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்று அவர் சொன்னதும் எழுதப்பட்டிருக்கிறது. தாம் கேட்டு வாங்க முடியாமல் போனது எது என்பதைத் தம் சனம் வாசிக்கும் தாளிலேயே அச்சாக விட்டிருக்கிறார்கள். இன்றைய அரசியல்வாதி யாராவது இதைச் செய்வாரா? கிடைக்காததைக் கடைசிப் பந்தியில் ஒளித்துவிட்டுக் கிடைத்ததைத் தலைப்பாக்கும் அறிக்கைகளை எழுதத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். செல்வநாயகம் குடியியல் சட்டத்தரணி. உறுதியில் இல்லாத காணியை வாங்குபவனுக்குக் காட்டக் கூடாது என்பது அவருக்கு இரத்தத்தில் ஊறியிருந்தது. பிறகு மட்டக்களப்பில் மாநாடு கூட்டி, தொண்டர்களின் முன்னால் அதை வைத்து, சம்மதம் வாங்கி, ஓகஸ்ட் 20க்குக் குறித்திருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டார். யாழ்ப்பாணத்திலும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஏமாற்றிவிட்டார் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

தெற்கில் நடந்தது வேறு. ஒக்டோபரில் ஜே. ஆர். ஜெயவர்த்தன ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடக்கத் தொடங்கினார். இம்புல்கொடையில் மறித்துத் திருப்பப்பட்டார். பண்டாரநாயக்க தம் கட்சி மாநாட்டில் ஒப்பந்தத்தை நியாயப்படுத்திப் பேசினார். ஆனால் ஒரு சிங்களக் கிராமத்து ஆலமரத்தடியில் போய், பிரதேச சபை என்றால் இதுதான், உன் வயலுக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை என்று சிங்களத்தில் ஆறுதலாகச் சொல்ல ஆள் இருக்கவில்லை. அவர் பக்கத்திலும் இல்லை, எங்கள் பக்கத்திலும் இல்லை. அதே வேளையில் எங்கள் பக்கத்தில் ஒன்று நடந்தது. 1958 தொடக்கத்தில் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தோடு பஸ்கள் வடக்குக்கு வந்தன. எங்களவர் தார் வாளியோடு தெருவில் இறங்கினார்கள். எழுத்தை அழித்துத் தமிழில் எழுதினார்கள். அது நியாயமான கோபம். ஆனால் அந்தத் தார் எந்த மொழியில் பேசுகிறது, யாருடைய காதில் எப்படி விழும் என்று யோசிக்க வேண்டிய மாதம் அது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளின் மேல் பதிலுக்குத் தார் விழுந்தது. ஏப்ரல் 9இல் ரோஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டுப் புல்தரையில் பிக்குகள் வந்து அமர்ந்தார்கள். ஒப்பந்தம் இல்லை என்று எழுத்தில் தரக் கேட்டார்கள். நாட்டின் பெரும் பேச்சாளர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் தமிழர் வெட்டப்பட்டு, வீடிழந்து, கப்பலேறி வடக்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒப்பந்தம் முறிந்ததற்குத் தார் வாளிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். முறித்தவர் பண்டாரநாயக்க. முறிக்கவைத்தவர்கள் யார் என்பதும் பதிவில் இருக்கிறது. செயலாளனாக இருந்தவன் என்ற முறையில் நான் கேட்பது வேறு கேள்வி. அறைக்குள்ளே தாழ்ந்த குரலில் ஒரு பேச்சு, தெருவில் உரத்த குரலில் இன்னொரு பேச்சு என்று போகும்போது, தலைவரிடம் திரும்பிப் போய், "ஐயா, வெளியில் இப்படித்தான் கேட்குது" என்று சொல்ல யார் இருந்தார்கள்? சொல்லைத் தலைவரிடமிருந்து சனத்துக்குக் கொண்டுபோக எத்தனையோ பேர் வருவார்கள். சனத்தின் காதில் அது என்னவாக விழுந்தது என்பதைத் தலைவரிடம் திரும்பக் கொண்டுவருவது பாராட்டுக் கிடைக்காத வேலை. ஆனால் பக்கத்தில் இருப்பவனின் முதல் வேலை அதுதான்.

1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தைப் பற்றி உங்களில் பலர் வீட்டில் கேட்டிருப்பீர்கள். பாட்டிமார் சமைத்த சோற்றைக் கடகத்தில் கொண்டுபோய்க் கொடுத்த கதை இந்தக் குடாநாட்டில் பல வீடுகளில் உண்டு. பொலிஸ் அடித்து இழுத்தது. சனம் திரும்ப வந்து அதே இடத்தில் இருந்தது. மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. அந்த இரண்டு மாதங்களில் செல்வநாயகத்தின் குரல் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. இருப்பதுதான் அங்கே பேச்சு. ஏப்ரல் 14 அன்று தமிழரசு அஞ்சல் சேவை தொடங்கினார்கள். தலைவரே முத்திரை விற்றார். நாட்டின் ஆயிரம் சட்டங்களில் தபால் சட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒருவர் உயிருக்கும் உடைமைக்கும் கெடுதல் இல்லாமல், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மீறுவது! எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் அந்தச் சின்னக் கடதாசித் துண்டு விளங்கும். கொழும்புக்கும் விளங்கியது, மூன்று நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமுக்குப் போனார்கள். அவர் பேசியவற்றில் ஆகத் தெளிவான பேச்சு எது என்று கேட்டால் அந்த முத்திரையைத்தான் சொல்வேன்.

டட்லி சேனநாயக்கவோடு 1965 மார்ச் 24இல் செய்த உடன்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957ஐப் போல அதைச் சனத்தின் முன்னால் விரித்து வைக்கவில்லை. திறந்து வைத்தது தெருவில் செத்தது. மூடி வைத்ததோ வதந்தியில் செத்தது. அதில் சொன்ன மாவட்ட சபை வரவே இல்லை. 1968இல் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது.

1972 அரசியலமைப்பை எதிர்த்து அவர் தம் ஆசனத்தைத் துறந்தார். என் சனம் என்னோடு இருக்கிறதா என்று தேர்தல் வைத்துப் பாருங்கள் என்றார். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6இல் வைத்தார்கள். 16,470 மேலதிக வாக்குகள். நான் சைக்கிள் பாரில் இருந்து பார்த்த கூட்டம் அந்தத் தேர்தலுக்கானது. அடுத்த ஆண்டு மே 14இல் பண்ணாகத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம். தனிநாடு என்ற சொல் அவர் தலைமையிலேயே எழுதப்பட்டது. 27 ஆண்டுகள் சமஷ்டியை மெல்லிய குரலில் கேட்டுக் கிடைக்காத ஒருவரின் கையெழுத்து அதில் இருப்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சமஷ்டியைத் தாழ்ந்த குரலில் சொல்லலாம். தனிநாட்டை அப்படிச் சொல்ல முடியாது. அதை எடுத்துச் சொல்ல உரத்த குரல்கள் தேவைப்பட்டன. அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்த பையன்கள் என் வயதுக்காரர்கள். 1977 ஏப்ரல் 26இல் பெரியவர் கண்ணை மூடினார். தமிழரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதாக இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். தன்னால் இயலவில்லை என்று ஒரு தலைவர் ஒப்புக்கொண்ட வாக்கியம் அது. அதைக்கூட மேடையில் வைத்துச் சவாலாக முழங்கியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவருடைய வாயாக இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கட்சியில் அவரோடு நின்ற தர்மலிங்கம் 1985இல் கொல்லப்பட்டார். அமிர்தலிங்கம் 1989 யூலை 13இல்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் மேலே சொன்னவற்றைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

போர் முடிந்து சில ஆண்டுகள். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள் இன்னும் நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள். காணி விடுவிப்புப் பற்றி ஒரு கூட்டம். அதிகாரி ஒருவர் தெற்கிலிருந்து வந்திருந்தார். நான் வேலை செய்த தலைவரும் இருந்தார். சனம் பாயில் இருந்தது. ஒரு பகுதியின் பெயரைச் சொல்லி, அது எப்போது என்று தலைவர் கேட்டார். அதிகாரி வரைபடத்தைப் பார்த்து, சிரித்த முகத்தோடு ஒரு சொல் சொன்னார். "பலமு." பார்ப்போம் என்று பொருள். எங்கள் ஊரிலும் 'பார்ப்பம்' என்று சொல்லாதவர் இல்லை. அதற்குள் ஆமும் இருக்கும், இல்லையும் இருக்கும். நான் சனத்தின் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் தகரத்துக்குக் கீழே இருந்த முகங்கள். என் வாயிலிருந்து, "கெதியில விடுவினம்" என்று வந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவருடைய சிரிப்பையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டேன்.

அடுத்த கிழமை அலுவலக வாசலில் ஒரு முதியவர். சைக்கிள் கரியரில் கிளுவங் கதியால் ஒரு கட்டு, நாற்பது ஐம்பது இருக்கும், நுனி சீவி, ஈரச் சாக்கால் சுற்றிக் கட்டியிருந்தார். மழை தொடங்குகிற காலம். கதியாலை வெட்டினால் கன நாள் வைத்திருக்க முடியாது. "தம்பி, எந்தக் கிழமை எண்டு சொன்னால் நல்லது. இது காயப்போகுது" என்றார். காணி எல்லைக்கு வேலி போட வெட்டியிருக்கிறார்.

உள்ளே போய்த் தலைவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வாகனத்தை எடுக்கச் சொல்லும்" என்றார். முதியவரையும் ஏற்றிக்கொண்டு நலன்புரி நிலையத்துக்குப் போனோம். கூடியவர்களிடம் அவர் நின்றுகொண்டே சொன்னார்: "போன கிழமை அவர் 'விடுவம்' எண்டு சொல்லேல்லை. 'பார்ப்பம்' எண்டுதான் சொன்னவர். உங்களுக்குப் பிழையாச் சொன்னது நாங்கள். பிழை என்ர." என் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை அழத் தொடங்கினாள். இரண்டு பேர் ஏசினார்கள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது அந்த முதியவர் என்னைக் கையால் கூப்பிட்டார். கதியால் கட்டு அவருடைய கொட்டிலோடு சாத்தி இருந்தது.

"அவர் சிங்களத்தில என்ன சொன்னவர் தம்பி? அந்தச் சொல்லை அப்பிடியே சொல்லும்."

"பலமு, ஐயா."

"பலமு" என்றார். இன்னொரு முறை, வாயில் வைத்துப் பார்ப்பது போல, "பலமு." பிறகு சாக்கில் தண்ணீர் ஊற்றப் போனார்.